இத்தாலியருக்கு ஆங்கில எதிர்மறை முன்னொட்டுகள்: வேலையிடச் சொற்களோடு ஓர் எளிய விளக்கம்

வேலை இல்லாதவரை இத்தாலிய மொழியில் ‘திசொக்குப்பாத்தோ’ என்பார்கள். ‘ஒக்குப்பாத்தோ’ என்றால் வேலையில் இருப்பவர். முன்னால் ‘திஸ்’ ஒட்டியதும் வேலை போய்விடுகிறது. ஆங்கிலம் கற்கத் தொடங்கிய இத்தாலியர் ஒருவர், விண்ணப்பத்தில் தன் நிலையைச் சொல்ல வரும்போது அதே அச்சில் ‘டிஸ்ஆக்குபைடு’ என்று ஒரு சொல்லை வார்த்துவிடுகிறார். அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் வழக்கில் இல்லை. சரி, ‘டிஸ்’ஸை எடுத்துவிட்டு ‘அன்’ போட்டால்? ‘அன்ஆக்குபைடு’ என்பது ஆளில்லாத அறைக்கும் காலி நாற்காலிக்கும் சொல்வது. அவர் எழுத வேண்டியது ‘அன்எம்ப்ளாய்டு’. முன்னொட்டும் வேறு, அடிச்சொல்லும் வேறு.

ஆங்கில எதிர்மறை முன்னொட்டுகளில் இத்தாலியர் படும் பாடு முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. மொழி அந்நியமாக இருப்பதால் வரும் தவறு இது என்று சொல்ல முடியாது. பாதிச் சொற்கள் சொந்த வீட்டுச் சொற்கள் போலவே இருப்பதால்தான் கால் வழுக்குகிறது. இத்தாலியம் லத்தீனின் நேர் வாரிசு. ஆங்கிலத்தின் அடித்தளமோ ஜெர்மானியம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும், பின்னர் நூல்கள் வழியாக லத்தீனும் அதன்மேல் படிந்தன. சட்டம், நிர்வாகம், வணிகம் சார்ந்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி அந்த மேற்படிவைச் சேர்ந்தது. அதனால்தான் அலுவலக ஆங்கிலம் இத்தாலியருக்குப் பழகிய முகமாகத் தெரிகிறது. எதிர்மறை முன்னொட்டுகளிலும் இரண்டு அடுக்குகள்: அடித்தளத்திலிருந்து ‘அன்’, மேற்படிவிலிருந்து ‘இன்’, ‘டிஸ்’, ‘நான்’. ‘மிஸ்’ இரண்டு பக்கமும் வேருள்ளது.

தமிழ் தன் மறுப்பை வாலில் வைக்கும்: வேலையின்மை, வேலையில்லாதவர், எதிர்பாராத. ஐரோப்பிய மொழிகள் தலையில் வைக்கும். ஆனால் வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட நீதி–அநீதி, சாதாரணம்–அசாதாரணம் போன்ற சொற்களில் தலையில் நிற்கும் ‘அ’வைப் பாருங்கள். அந்த ‘அ’வும் லத்தீனின் ‘இன்’னும் ஆங்கிலத்தின் ‘அன்’னும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை. நாம் ‘அநீதி’ என்கிறோம், இத்தாலியர் ‘இன்ஜுஸ்தீத்சியா’ என்கிறார், ஆங்கிலேயர் ‘இன்ஜஸ்டிஸ்’ என்கிறார். 1980-களிலிருந்து சிசிலியின் பலெர்மோ நகரில் ஈழத்தமிழர் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே இத்தாலிய வழிப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதிக் காட்டினால் போதும், மூன்று மொழியும் ஒரு முடிச்சில் நிற்கும்.

‘இன்’ எங்கே, ‘அன்’ எங்கே

‘இன்’ இத்தாலியருக்கு இனாமாகக் கிடைத்தது. அது அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப உருமாறும் விதமும் இரண்டு மொழியிலும் ஒன்றே. உதடு மூடும் ஒலிகளுக்கு முன் ‘இம்’, ‘ல’வுக்கு முன் ‘இல்’, ‘ர’வுக்கு முன் ‘இர்’: இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர். இத்தாலியத்தில் இம்பொஸ்ஸீபிலே, இல்லெகாலே, இர்ரெகொலாரே. மரம் என்பதோடு ‘கள்’ சேர்ந்தால் மரங்கள் ஆவது போன்ற புணர்ச்சிதான் இது. இத்தாலியர் கவனிக்க வேண்டியது உச்சரிப்பை மட்டும். இத்தாலியத்தில் இரட்டை மெய் எழுதினால் இரட்டையாகவே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துதான் இரட்டை, ஒலி ஒற்றை. ‘இலீகல்’ என்று சொன்னால்தான் இயல்பாகக் கேட்கும்.

சிக்கல் தொடங்குவது, இத்தாலியத்தில் ‘இன்’ எடுக்கும் சொல் ஆங்கிலத்தில் ‘அன்’ எடுக்கும் இடத்தில். ‘இன்செர்த்தோ’ ஆங்கிலத்தில் ‘அன்செர்ட்டன்’. ‘இன்ஸ்தாபிலே’ ஆங்கிலத்தில் ‘அன்ஸ்டேபிள்’. ‘இல்லிமித்தாத்தோ’ ‘அன்லிமிடெட்’ ஆகும், ‘இம்பொபொலாரே’ ‘அன்பாப்புலர்’ ஆகும், ‘இனச்செத்தாபிலே’ ‘அன்அக்ஸெப்டபிள்’ ஆகும். அடிச்சொல் லத்தீன் வழி வந்ததுதான். ஆனாலும் ஆங்கிலம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு தன் சொந்த முன்னொட்டை மாட்டிவிட்டது.

முழுமையான விதி கிடையாது. ஆனால் சொல்லின் வாலைப் பார்த்தால் பெரும்பாலும் ஊகிக்கலாம். ‘டு’ அல்லது ‘டெட்’ என்று முடியும் பெயரெச்ச வடிவங்கள் ‘அன்’னை விரும்பும்: சம்பளம் தரப்படாத வேலைக்கு அன்பெய்டு, கையெழுத்திடாத தாளுக்கு அன்சைன்டு, எதிர்பாராத தாமதத்துக்கு அன்எக்ஸ்பெக்டட், அனுமதி பெறாத நுழைவுக்கு அன்ஆத்தரைஸ்டு. ‘இங்’ என்று முடிபவையும் அப்படியே. ஃபேர், ஸேஃப், டைடி போன்ற குட்டைச் சொற்களுக்கும் ‘அன்’தான். ‘எபிள்’ என்று முடிபவற்றில், முன்பாதி ஓர் ஆங்கில வினைச்சொல்லாகத் தனியே நிற்க முடிந்தால் ‘அன்’ வரும் வாய்ப்பு மிகுதி: அன்அவாய்டபிள், அன்ரிலயபிள், அன்பிலீவபிள்.

மாறாக, ஏ எழுத்துக்குப் பதில் ஐ எழுத்தோடு ‘இபிள்’ என்று முடிபவை இத்தாலியருக்கு நண்பர்கள். இம்பாஸிபிள், இன்ஃப்ளெக்ஸிபிள், இன்கம்பாட்டிபிள், இல்லெஜிபிள், இர்ரெஸ்பான்ஸிபிள் எல்லாம் இத்தாலிய வழியிலேயே போகும். ‘ஏட்’ அல்லது ‘இயன்ட்’ என்று முடியும் அலுவலகப் பெயரடைகளும் பெரும்பாலும் அப்படியே: இன்அக்யுரேட், இன்அடிக்வேட், இன்எஃபிஷியன்ட். இன்கம்ப்ளீட், இன்கரெக்ட் இரண்டும் இதே வழிதான்.

விதிவிலக்குகளில் வேலை தேடுபவருக்கு மிக முக்கியமானது ஒன்று. அனுபவமற்றவர் என்பதற்கு ‘டு’ விதிப்படி ‘அன்எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்று வர வேண்டும், ஆனால் சரியானது ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்டு’. இத்தாலியத்திலும் ‘இனெஸ்பேர்த்தோ’ என்பதால் இங்கே பழக்கத்தை நம்பலாம். இன்னொன்று, ‘இம்பார்ட்டன்ட்’ என்பதன் எதிர்மறை ‘அன்இம்பார்ட்டன்ட்’. ‘இம்’ ஏற்கெனவே அடிச்சொல்லுக்குள் இருக்கிறது, அது மறுப்பு அல்ல.

கூடவே நான்கு இணைகளை மனப்பாடமே செய்துவிடுவது நல்லது. பெயரடையில் ‘அன்’ இருக்கும், பெயர்ச்சொல்லுக்குப் போனால் ‘இன்’ திரும்பி வரும்: அன்ஏபிள்–இன்எபிலிட்டி, அன்ஈக்வல்–இன்ஈக்வாலிட்டி, அன்ஸ்டேபிள்–இன்ஸ்டெபிலிட்டி, அன்ஜஸ்ட்–இன்ஜஸ்டிஸ். பெயர்ச்சொல்லை இத்தாலியர் தானாகவே சரியாக எழுதுவார். அதிலிருந்து பெயரடைக்கு வரும்போதுதான் தடுமாறுவார்.

‘அன்’னின் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. யு எழுத்தைப் பார்த்ததும் இத்தாலியர் ‘உன்’ என்று படிப்பார், அவர் மொழியில் அந்த எழுத்துக்கு அது ஒன்றே ஒலி. ஆங்கில ‘அன்’னிலோ அது நம் ‘அ’வுக்கு நெருக்கமான குறுகிய ஒலி. வாயைப் பாதி திறந்து, உதட்டைக் குவிக்காமல் சொல்லிப் பழக வேண்டும்.

ஒற்றை எழுத்து முன்னொட்டு

ஆங்கிலத்தில் இல்லாத ஓர் அருமையான கருவி இத்தாலியத்தில் இருக்கிறது: வெறும் ‘ஸ்’. ‘ஃபொர்த்துனாத்தோ’ அதிர்ஷ்டசாலி, ‘ஸ்ஃபொர்த்துனாத்தோ’ அதிர்ஷ்டமில்லாதவர். ‘கோமொதோ’ வசதியானது, ‘ஸ்கோமொதோ’ வசதியற்றது. இவற்றுக்கு ஆங்கிலத்தில் அன்லக்கி, அன்கம்ஃபர்ட்டபிள். பொதுவாக ‘ஸ்’ஸுக்கு முதல் மாற்று ‘அன்’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

தொழிற்கூடத்தில் வேலை செய்பவருக்கு இதன் பயன் வினைச்சொற்களில்தான் அதிகம். இங்கே ‘ஸ்’ஸும் ‘அன்’னும் இல்லை என்று சொல்வதில்லை, செய்ததைத் திருப்பிச் செய் என்கின்றன. ‘அவ்வித்தாரே’ திருகாணியை முடுக்குவது, ‘ஸ்வித்தாரே’ கழற்றுவது: அன்ஸ்க்ரூ. ‘கரிகாரே’ லாரியில் சரக்கு ஏற்றுவது, ‘ஸ்கரிகாரே’ இறக்குவது: அன்லோடு. ‘ஸ்ப்ளொக்காரே’ பூட்டையோ கைபேசித் திரையையோ திறப்பது: அன்லாக். ஆனால் ‘மொந்தாரே–ஸ்மொந்தாரே’ என்ற இணை, அதாவது இயந்திரத்தைப் பூட்டுவதும் பிரிப்பதும், ஆங்கிலத்தில் அசெம்பிள்–டிஸ்மான்டில் ஆகும். மின்னிணைப்பைத் துண்டிப்பது டிஸ்கனெக்ட், செருகியைப் பிடுங்குவது அன்பிளக். கணினியில் ஒரு வசதியை நிறுத்துவது டிஸ்ஏபிள், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவது அன்டூ. இந்த ஏழெட்டு வினைகளையும் விதி தேடாமல், கையில் அந்த வேலையைச் செய்தபடியே சொல்லிப் பழகுவது மேல்.

‘ஸ்’ஸில் தொடங்கும் எல்லாச் சொல்லும் மறுப்பு ஆகாது. ‘பியெகாரே’ மடிப்பது, ‘ஸ்பியெகாரே’ மடிப்பை விரிப்பது. ஆனால் அன்றாடப் பேச்சில் அதன் பொருள் ‘விளக்கிச் சொல்வது’. விளக்கம் என்பது மடித்து வைத்ததை விரித்துக் காட்டுவதுதான் என்று ஒரு மொழி நினைத்திருப்பது அழகு.

வேலையை விட்டவரும் வேலையிலிருந்து விடப்பட்டவரும்

வேலையிடச் சொற்களில் மிக ஆபத்தான இடம் இதுதான். ‘திமிஸ்ஸியோனி’ என்றால் இத்தாலியத்தில் ராஜினாமா. அதே முகச்சாயல் உள்ள ஆங்கிலச் சொல் ‘டிஸ்மிஸல்’. அதன் பொருள் பணிநீக்கம். தானாக வேலையை விட்டு வந்தவர் நேர்காணலில் அந்தச் சொல்லைப் போட்டால், முதலாளி தன்னை வெளியே அனுப்பினார் என்று தன் வாயால் சொன்னதாகிவிடும். ராஜினாமாவுக்கு ஆங்கிலம் ‘ரெஸிக்னேஷன்’. பணிநீக்கத்துக்கு இத்தாலியம் ‘லிச்சென்ட்சியமென்தோ’. அது ‘லைசென்ஸ்’ போலக் காதில் விழுந்தாலும் உரிமத்தோடு எந்தத் தொடர்பும் கொண்டு வரக் கூடாது. ‘அஸ்ஸூமெரே’ என்றால் ஆளை வேலைக்கு எடுப்பது. ஆங்கில ‘அஸ்யூம்’ என்றால் ஆதாரமில்லாமல் ஊகித்துக்கொள்வது. வேலைக்கு எடுப்பது ‘ஹையர்’.

முன்னொட்டும் சட்டமும் சேரும் இடம் ஒன்று இதிலேயே இருக்கிறது. இத்தாலியில் 1970-ஆம் ஆண்டின் 300-ஆம் எண் சட்டம், அதன் 18-ஆம் பிரிவு வழியாக, முறையற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பைத் தொழிலாளருக்குத் தந்தது. அதனால் ‘லிச்சென்ட்சியமென்தோ இல்லெஜித்திமோ’ என்ற சொற்றொடர் சாதாரண மக்களுக்கும் தெரியும். இதை அப்படியே ‘இல்லெஜிட்டிமேட் டிஸ்மிஸல்’ என்று மாற்றினால் ஆங்கில அலுவலகத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பிரிட்டனில் அது ‘அன்ஃபேர் டிஸ்மிஸல்’, அந்த உரிமை இப்போது 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் உள்ளது. ‘ராங்ஃபுல் டிஸ்மிஸல்’ என்று இன்னொன்றும் உண்டு, அது ஒப்பந்தத்தை மீறி, உதாரணமாக உரிய முன்னறிவிப்புக் காலம் தராமல், வெளியேற்றுவது. புகார் மனு எழுதுபவர் இரண்டையும் குழப்பினால் கோரிக்கையே மாறிப்போகும். இப்படிப்பட்ட சொற்களை முன்னொட்டு முன்னொட்டாகப் பிரித்துக் கற்கக் கூடாது, தொடராகவே கற்க வேண்டும்.

மறுப்பு போலத் தோன்றி மறுக்காதவை

‘திஸ்பொனீபிலே’ இத்தாலியத்தில் மிக நல்ல சொல்: கிடைக்கக்கூடியவர், தயாராக இருப்பவர். ஆங்கிலத்தில் ‘டிஸ்போஸபிள்’ என்றால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிவது, காகிதக் கோப்பை மாதிரி. ‘உடனே பணியில் சேரத் தயார்’ என்று எழுத நினைத்தவர் இந்தச் சொல்லைப் போட்டால் விண்ணப்பம் கெட்டுவிடும். சரியானது ‘அவெய்லபிள்’, எதிர்மறை ‘அன்அவெய்லபிள்’. இரண்டு மொழியிலும் இங்கே ‘டிஸ்’ மறுப்பு அல்ல.

‘இனபித்தாத்தோ’ ஆள் வசிக்காத இடம். ஆங்கில ‘இன்ஹாபிடெட்’ அதற்கு நேர் எதிர், ஆள் வசிக்கும் இடம். அங்குள்ள ‘இன்’ உள்ளே என்ற பொருளில் வந்தது. ஆள் இல்லை என்று சொல்ல இன்னொரு முன்னொட்டை மேலே ஏற்ற வேண்டும்: அன்இன்ஹாபிடெட். ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பற்றது என்று நினைப்பார்கள். மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது என்பதே பொருள். மேலாளர் உங்கள் உதவியை அப்படிச் சொன்னால் மகிழ்ச்சியடையலாம்.

கிடங்கில் வேலை செய்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ‘இன்ஃப்ளேமபிள்’. எளிதில் தீப்பற்றும் என்று பொருள். இத்தாலிய ‘இன்ஃபியம்மாபிலே’யும் அதேதான், எனவே இத்தாலியர் இங்கே பிழைத்துக்கொள்வார். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள்தான் ‘இன்’னை மறுப்பாக எடுத்துக்கொண்டு ஏமாறும் அபாயம் இருந்தது. அதனால் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னது. பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே எச்சரிக்கைதான். தீப்பற்றாதது ‘நான்ஃப்ளேமபிள்’.

‘இன்வாலிதோ’ இத்தாலியத்தில் மாற்றுத்திறனாளியைக் குறிக்கும் நிர்வாகச் சொல். ஆங்கிலத்தில் ‘இன்வாலிட்’ என்பதை ஒரு மனிதருக்குச் சொல்வது இன்று புண்படுத்தும். காலாவதியான அட்டைக்கும் தவறான கடவுச்சொல்லுக்கும் மட்டும், நடு அசையை அழுத்திச் சொல்லுங்கள்.

‘மிஸ்’, ‘நான்’, ‘போக்கோ’

‘மிஸ்’ஸுக்கு இத்தாலியருக்கு ஓர் எளிய சாவி உண்டு. ஒரு வினையோடு ‘மாலே’, அதாவது தப்பாக, என்று சேர்த்துச் சொல்ல முடிந்தால், ஆங்கிலத்தில் ‘மிஸ்’ இருக்கிறதா என்று தேடலாம். ‘கபீரே மாலே’ மிஸ்அன்டர்ஸ்டாண்ட், ‘லெஜ்ஜெரே மாலே’ மிஸ்ரீட், ‘கல்கொலாரே மாலே’ மிஸ்கால்குலேட். மின்னஞ்சலில் ‘ஐ டிட் நாட் அன்டர்ஸ்டாண்ட்’ என்றால் புரியவே இல்லை, மறுபடி சொல்லுங்கள் என்று பொருள். ‘ஐ மிஸ்அன்டர்ஸ்டுட்’ என்றால் வேறு மாதிரி புரிந்துகொண்டு வேலையைச் செய்துவிட்டேன் என்று பொருள். முதலாவது கேள்வி, இரண்டாவது மன்னிப்பு.

‘நான்’ எந்தத் தீர்ப்பும் சொல்லாது, வகை மட்டும் பிரிக்கும். ‘நான்-ரீஃபண்டபிள்’ திருப்பித் தரப்படாத பணம், ‘நான்-நெகோஷியபிள்’ பேரம் பேச முடியாத விலை. ‘நான்-புரொஃபஷனல்’ என்றால் அந்தத் தொழிலைச் சாராதவர். ‘அன்புரொஃபஷனல்’ என்றால் தொழில் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டவர், அது குற்றச்சாட்டு. சக ஊழியரைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டை இருமுறை பாருங்கள்.

இத்தாலியர் மென்மையாகக் குறை சொல்ல ‘போக்கோ’ என்பார்கள்: ‘போக்கோ கியாரோ’, கொஞ்சமே தெளிவு. ‘லிட்டில் க்ளியர்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலத்தில் நிற்காது. ‘அன்க்ளியர்’ அல்லது ‘நாட் வெரி க்ளியர்’. எந்த முன்னொட்டு என்று நினைவுக்கு வராத நேரத்தில் ‘நாட்’ போட்டுவிடுவது கௌரவமான வழிதான், இலக்கணம் கெடாது. ஆனால் இத்தாலியத்தில் ‘நொன்’னும் ‘நியென்தே’யும் ஒரே வாக்கியத்தில் வருவதுபோல ஆங்கிலத்தில் இரண்டு மறுப்பைச் சேர்க்க வேண்டாம். எதுவும் வரவில்லை என்பது ‘ஐ ஹாவ் நாட் ரிசீவ்டு எனிதிங்’.

பயிற்சி செய்யும் முறை

தனிச்சொல் பட்டியல் இந்த விஷயத்தில் அவ்வளவாக உதவாது. ஒரு சிறு அட்டையின் ஒரு பக்கம் அலுவலகத்தில் உண்மையாகச் சொல்ல நேரும் இத்தாலிய வாக்கியம், மறுபக்கம் ஆங்கில வாக்கியம். கீழே பெயர்ச்சொல் வடிவம். இத்தாலிய முன்னொட்டும் ஆங்கில முன்னொட்டும் ஒன்றாக இருந்தால் பச்சை மையில், வேறாக இருந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு. ஒரு நாளைக்கு 5 அட்டை, வாரத்தில் 5 நாள் போதும். 1, 3, 7 நாள் இடைவெளியில் திருப்பிப் பாருங்கள். பச்சை அட்டைகளை இரண்டாம் வாரமே ஒதுக்கிவிடலாம், நேரம் சிவப்புக்குத்தான் தேவை. ஐயம் வந்தால் கற்போருக்கான அகராதியில் அடிச்சொல்லைத் தேடுங்கள், எதிர்ச்சொல் பெரும்பாலும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரே ஒரு வழி: முன்னொட்டையும் அடிச்சொல்லையும் தனித்தனியே எழுதி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் ஒட்டுங்கள். ‘அன்’னும் ‘நெஸஸரி’யும் சேர்ந்தால் என் எழுத்து இரண்டு. ‘டிஸ்’ஸும் ‘ஸாட்டிஸ்ஃபைடு’ம் சேர்ந்தால் எஸ் இரண்டு. ‘டிஸ்அக்ரீ’யில் எஸ் ஒன்றுதான். இத்தாலிய ‘திசொனேஸ்தோ’வில் ஹெச் எழுத்து இல்லை. அதற்கு நிகரான ஆங்கில ‘டிஸ்ஆனஸ்ட்’டில் (நேர்மையற்ற) அது ஒலிக்காது, ஆனால் எழுத வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பி-2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுபவர்களுக்கு, வாசிப்பு மற்றும் ஆங்கிலப் பயன்பாட்டுத் தாளின் 3-ஆம் பகுதியில் 8 இடைவெளிகள் வரும். ஓர் அடிச்சொல்லைத் தந்து, இடத்துக்குப் பொருந்தும் வடிவமாக மாற்றச் சொல்வார்கள். பெயரடையா பெயர்ச்சொல்லா என்று மட்டும் பார்த்து, மறுப்பு தேவை என்பதைத் தவறவிடுவது அங்கே வழக்கமான பிழை. இலக்கணப்படி பொருத்தமாக இருக்கும், பொருள் தலைகீழாக இருக்கும், மதிப்பெண் போகும். எனவே இடைவெளியை நிரப்பியதும் அந்த வாக்கியத்தோடு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள். ‘ஆனால்’, ‘துரதிர்ஷ்டவசமாக’, ‘இருந்தும்’ என்ற பொருளுள்ள சொற்கள் அருகில் இருந்தால், முன்னொட்டு ஒன்று விடுபட்டிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.